நேற்று வந்த ரிமோட் டெஸ்க்டாப் இன்று ஏன் வரவில்லை?

கேள்வி: அமேசானின் வாடகை சர்வர் சேவையான இசி2-வில் ஒரு விண்டோஸ் சர்வர் வைத்து அலுவலகக் கணக்கு பார்க்கிறோம். செலவைக் குறைக்கலாமே என்று நேற்று இரவு முதல்முறையாக ஸ்டாப் செய்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அமேசானின் கன்சோல் பக்கத்தில் ‘ரன்னிங்’ என்று காட்டுகிறது. ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்கிறது. மெஷினை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். டெர்மினேட் கொடுத்தால், நீங்கள் அமைப்பை மாற்றியிருந்தால் ஒழிய, விண்டோஸ் இருக்கும் ரூட் டிஸ்க்கும் கூடவே போய்விடும். கணக்கு அதில்தானே இருக்கிறது?

உங்கள் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். மாறியிருப்பது அதன் இணைய முகவரி, அதாவது ஐபி. இசி2 மெஷினை ரீபூட் செய்தால் பொது ஐபி அப்படியே இருக்கும். ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால் பழைய ஐபி அமேசானிடம் திரும்பிப் போய், வேறொன்று வரும். உங்கள் டெஸ்க்டாப்பில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் ஐகானோ இன்னும் பழைய ஐபியைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. அதை வலது கிளிக் செய்து ‘எடிட்’ கொடுத்து, அங்குள்ள எண்ணைக் கன்சோலில் உள்ள ‘பப்ளிக் ஐபிவி4’ எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தப் பழைய ஐபி வேறு யாருக்காவது கிடைத்திருக்கலாம். எனவே பழைய ஐகான் திடீரென்று பாஸ்வேர்ட் கேட்டால், அடித்துவிடாதீர்கள்.

புதிய ஐபி போட்டும் சுற்றுகிறதா? அப்படியானால் உங்கள் அலுவலக இணைய இணைப்பின் ஐபியைப் பாருங்கள். மெஷினுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் செக்யூரிட்டி குரூப்பில், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டை ‘மை ஐபி’ என்று உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்திருப்பீர்கள். அது அன்றைக்கு உங்களுக்கு இருந்த ஐபி. பிராட்பேண்ட் மோடம் அணைந்து எரிந்தாலே அது மாறிவிடக்கூடும். அந்தக் குரூப்பின் இன்பவுண்ட் (உள்வரும் இணைப்புக்கான) விதியை எடிட் செய்து, மறுபடியும் ‘மை ஐபி’யைத் தேர்ந்தெடுத்தால் போதும். அவசரத்தில் 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவிடாதீர்கள். 3389 திறந்திருக்கும் மெஷின்களைத் தேடி, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ‘புளூகீப்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகமுடியும் என்ற நிலை. ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது.

வழி திறந்ததா என்று பார்க்க, பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையைப் புதிய ஐபியோடும் 3389 போர்ட்டோடும் ஓட்டுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ என்று வந்தால் வழி சரி. ‘ஃபால்ஸ்’ என்றால் கன்சோலில் ‘கெட் இன்ஸ்டன்ஸ் ஸ்கிரீன்ஷாட்’ எடுங்கள். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருப்பது அதில் தெரிந்தால், தொடாமல் காத்திருங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் இடம்வரை வந்து மறுத்தால் அது வேறு கதை: இணைப்பில் குறையில்லை, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபாருங்கள்.

அப்புறம், தினமும் இரவில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஸ்டாப் செய்தாலும் மாறாத ஓர் எலாஸ்டிக் ஐபி வாங்கி மெஷினோடு இணைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி எதுவானாலும் மணிக்கு 0.005 டாலர், எலாஸ்டிக் ஐபிக்கு மெஷின் நின்றிருக்கும் நேரத்துக்கும் கட்டணம் உண்டு. மாதத்துக்குச் சுமார் 3.60 டாலர் ஆகும். இணைத்ததும் ஐபி மாறும்; அந்தப் புது எண்ணை ஐகானில் ஒருமுறை போட்டு சேவ் செய்துகொள்ளுங்கள்.