பெரிதாக எதிர்பார்த்து ஏமாந்துபோன சண்டைப் படம் எது?

புரூஸ் லீயின் ‘கேம் ஆஃப் டெத்’. மஞ்சள் உடை போஸ்டரை நம்பி உட்கார்ந்தேன். அந்த போஸ்டரில் இருக்கும் சண்டை கடைசியில்தான் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் இதை எடுக்கத் தொடங்கியது 1972-இல். ஒரு கோபுரம், மாடிக்கு ஒரு வித்தைக்காரர், ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டே மேலே ஏற வேண்டும். இவ்வளவுதான் கதை, எனக்கு இதுவே போதும். ‘எண்டர் த டிராகன்’ வாய்ப்பு வந்ததும் இதைப் பாதியில் நிறுத்தினார். 1973 ஜூலை 20 அன்று, 32 வயதில் இறந்தே போனார்.

1978-இல் வெளிவந்தது ஒட்டுப்போட்ட சட்டை. அவர் எடுத்து வைத்திருந்ததில் சுமார் 11 நிமிடம், பழைய படங்களிலிருந்து சில துண்டுகள், மற்றதெல்லாம் டூப். முகம் தெரியக் கூடாதே! ஆகவே கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத்தாடி, இருட்டு. போதாததற்கு, நாயகனுக்கு முகத்தில் குண்டு பாய்ந்து அறுவை சிகிச்சை நடந்ததாகக் கதையையே மாற்றிவிட்டார்கள்.

ஒரு காட்சியை நான் ரீவைண்ட் செய்து பார்த்தேன். ஒப்பனை அறையில் டூப் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியில் தெரிவது புரூஸ் லீயின் முகம். எப்படி? அவர் படத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள்! உடம்பு அசைகிறது, முகம் அப்படியே நிற்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் நாயகன் இறந்ததாக நாடகமாடும் இடத்தில், புரூஸ் லீயின் உண்மையான இறுதிச் சடங்குக் காட்சிகளையே சேர்த்திருக்கிறார்கள், சவப்பெட்டியில் அவர் முகம் உட்பட. சிரிப்பு நின்றுபோனது. காசில்லை என்றால் மலிவாக எடுக்கட்டும், பரவாயில்லை. இது வேறு.

சரி, அந்த 11 நிமிடம்? அதற்காக எதையும் மன்னிக்கலாம் போலிருக்கிறது. எதிரே கரீம் அப்துல் ஜப்பார், 7 அடி 2 அங்குலம், கூடைப்பந்து வீரர், நிஜ வாழ்க்கையில் புரூஸ் லீயின் மாணவர். உதைத்த வேகத்தில் மஞ்சள் உடையின் நெஞ்சில் அப்படியே கால்தடம் பதிகிறது. எதிராளியின் கண் வெளிச்சம் தாங்காது என்று கண்டுபிடித்ததும், புரூஸ் லீ காகித ஜன்னல்களைக் கிழித்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார். அடிக்கு நடுவே யோசிக்கிற சண்டை அது, ஒவ்வொரு மூச்சும் தெரிகிறது.

ஒருவழியாக அவரை வீழ்த்திவிட்டு மாடிப்படி ஏறுகிறார். மேலே போய் நிற்பது மறுபடியும் டூப்.