பூட்ஸைக் கழற்றிய பிறகும் நொண்டுகிறேன், பழைய நடை திரும்புமா?

கேள்வி: எனக்கு வயது 41. பேட்மின்டன் ஆடும்போது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 11 வாரம் ஆகிறது. அறுவைக்குப் பின் காலை அசையாமல் பிடித்திருக்க மாட்டிய பூட்ஸைக் கழற்றி இரண்டு வாரமாகியும் நொண்டித்தான் நடக்கிறேன். சாயங்காலம் கணுக்கால் வீங்கிவிடுகிறது. கெண்டைக்கால் இறுக்கமாக இருப்பதால், படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிட்டு நீட்டிப் பார்க்கிறேன். பழையபடி நடப்பேனா?

பதில்: பெரும்பாலும் நடப்பீர்கள். ஆனால் அந்தப் படி விளிம்புப் பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நொண்டல் அல்ல, அதுதான்.

கெண்டைக்கால் தசை சுருங்கும்போது குதிகால் எலும்பை மேலே தூக்கிவிடுவது இந்த நாண். தைத்த இடத்தில் இப்போது வளர்ந்திருப்பது இளம் திசு. அது முறுக்கேறிக் கெட்டியாக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பலமாக இழுத்தால், அறுந்துபோகாவிட்டாலும் நீண்டுவிடும். நாண் தொய்ந்த வில் எப்படியோ அப்படித்தான்: தசை எவ்வளவு சுருங்கினாலும் குதிகால் முழு உயரத்துக்கு எழாது. மறுபடி அறுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். இப்படி மெதுவாக நீள்வதை யாரும் கவனிப்பதில்லை, பிறகு அதைச் சரிசெய்வதும் கடினம். கணுக்கால் இறுக்கம் நடக்க நடக்கத் தானாகவே தளரும்.

சரி, நொண்டல் ஏன்? ஒவ்வொரு அடியின் கடைசியிலும் குதிகாலைத் தூக்கி உடலை முன்னே தள்ளுவது கெண்டைக்கால் தசை. பல வாரம் பூட்ஸுக்குள் இருந்ததில் அது மெலிந்துவிட்டது. இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். தள்ள வலு இல்லாததால் அடி பாதியில் நின்றுவிடுகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது நீட்டல் அல்ல, வலு.

அறுவை செய்த மருத்துவர் தடை எதுவும் சொல்லவில்லை என்றால், நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கி இறக்குவதில் தொடங்குங்கள். அது சுலபமானதும் சுவரைப் பிடித்து நின்று இரண்டு காலாலும் தூக்குங்கள். அப்புறம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுவை செய்த காலுக்கு மாற்றுங்கள். தரைமட்டத்துக்குக் கீழே மட்டும் குதிகால் இறங்கக் கூடாது. மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால், முந்தின நாள் செய்தது அதிகம்.

நடக்கும்போது நீளமாக அடி வைக்காதீர்கள். குட்டையாக, இரண்டு காலுக்கும் ஒரே அளவாக, மெதுவாக வையுங்கள். கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நொண்டிப் பழகினால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும். இப்போதைக்கு வெறுங்காலோடு நடப்பதைவிடக் குதிகால் சற்று உயர்ந்த ஷூ நல்லது. ஈரத் தரையில் மிகவும் கவனம். மீண்டும் அறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான், வழுக்கி விழுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சாயங்கால வீக்கம் ஆறு மாதம் வரைகூட வந்து போகலாம். காலை உயர்த்தி வைத்தால் வடிகிறதென்றால் பயமில்லை. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாக வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தையல் இடத்தில் நீர் கசிந்தாலும், பின்னங்காலில் 'பட்'டென்று ஏதோ விட்டதுபோல் தோன்றினாலும் அன்றே காட்டுங்கள்.

சமதளத்தில் நொண்டாமல் நடக்கப் பலருக்கும் மூன்று, நான்கு மாதம் ஆகிறது. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அது வராமல் ஓடவோ மைதானத்தில் இறங்கவோ வேண்டாம். கெண்டைக்கால் சற்று மெலிந்தே நின்றுவிடுவதும் உண்டு, அன்றாட நடைக்கு அது பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது, குப்புறப் படுத்து இரண்டு முழங்காலையும் செங்குத்தாக மடக்கிக் காட்டுங்கள். இரண்டு பாதமும் ஒரே சாய்வில் நின்றால் நாண் நீளவில்லை என்று பொருள். அறுவை செய்த பாதம் மட்டும் காலின் முன்பக்க எலும்பை நோக்கிக் கூடுதலாகச் சாய்ந்திருந்தால், பயிற்சியைத் தொடரும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.