‘நைஸ்’ என்றால் முட்டாளா?

கேள்வி: பழைய ஆங்கில நூல்களில் ‘நைஸ்’ வருமிடத்தில் ‘நல்ல’ என்று வைத்துப் படித்தால் பொருள் இடிக்கிறதே, ஏன்?

பதில்: ‘நல்ல’ என்ற பொருள் அதற்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. பிறப்பில் அது வசைச்சொல். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவர். ‘நெ’ என்பது இன்மை, ‘ஸ்கிரே’ என்பது அறிதல். ‘சயின்ஸ்’ பிறந்ததும் இதே ‘ஸ்கிரே’யிலிருந்துதான்! பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘நைஸ்’ ஆள் என்றால் மடையர்.

பிறகு ஒழுக்கம் கெட்டவர், கூச்சக்காரர், எதிலும் குற்றம் பார்ப்பவர் என்று பொருள் நகர்ந்தது. குற்றம் பார்க்கிற கண்ணுக்கு மயிரிழை வேற்றுமையும் தப்பாது. அந்த வழியில் 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான’ என்ற பொருள் வந்தது. ‘இனிய’ என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது.

‘ரோமியோ ஜூலியட்’ 5ஆம் அங்கம், 2ஆம் காட்சியில், சேராமல் திரும்பிய கடிதத்தைப் பற்றி லாரன்ஸ் துறவி, அது ‘நைஸ்’ அல்ல என்கிறார். கடிதம் நன்றாக இல்லை என்று படித்தால் காட்சியே கெட்டுவிடும். அது அற்ப விஷயமல்ல என்பதே அவர் சொல்வது.

படிக்கும்போது அடுத்துள்ள சொல்லைப் பாருங்கள். ‘பாயின்ட்’, ‘டிஸ்டிங்ஷன்’ (வேறுபாடு) போன்றவை வந்தால் ‘நுண்ணிய’ என்று கொள்ளுங்கள். இந்த வழக்கு இன்றும் உண்டு. முன்னால் ‘டூ’ (too, அதாவது ‘மிகையாக’) நின்று, ஓர் ஆளைக் குறித்தால் பெரும்பாலும் ‘அளவுக்கு மீறிக் குற்றம் பார்ப்பவர்’. 14, 15ஆம் நூற்றாண்டு நூலென்றால் முதலில் ‘மடத்தனமான’ என்பதைப் பொருத்திப் பாருங்கள். நூல் எழுதிய ஆண்டைப் பார்க்காமல் அகராதியின் முதல் பொருளை எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தமிழில் ‘நைஸாக அரை’ என்கிறோமே, அதில் ‘நல்ல’ இல்லை, நுண்மைதான் இருக்கிறது. பழைய பொருளுக்கு நம் பேச்சு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது!

கேள்வி: நல்ல பொருளிலிருந்து இறங்கிய சொல்லும் உண்டா?

பதில்: ‘சில்லி’ (silly). பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் பேறு பெற்றவர். ஜெர்மனில் உறவுச்சொல்லான ‘ஸேலிஷ்’ இன்றும் அப்படியே. ஆங்கிலத்தில் மட்டும் கள்ளமற்றவர், பரிதாபத்துக்குரியவர், அறிவிலி என்று படிப்படியாக இறங்கியது. நறுமணமாக இருந்த நம் ‘நாற்றம்’ போலத்தான்.