இலண்டனில் முதுகலை படிக்கும் மாணவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? பகுதிநேர வேலையிலேயே செலவைச் சமாளிக்க முடியுமா?

நீங்கள் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தோடு வங்கிக்கு நடந்துகொண்டிருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இரண்டாவது கேள்வியை இவ்வளவு கவலையோடு கேட்டிருக்க மாட்டீர்கள். அதற்கு என் பதில், முடியாது என்பதுதான். வாடகையும் சாப்பாடும் இழுத்துப்பறித்து நடக்கும். கல்விக் கட்டணத்துக்கு அந்தச் சம்பளத்திலிருந்து ஒரு பவுண்டும் மிஞ்சாது. தாங்கள் சமாளித்ததாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவரின் கணக்கும் அறைக்கு வாடகை கொடுத்தவரின் கணக்கும் ஒன்றாகாது.

நான் 2022 செப்டம்பரில் போனேன். விசாவுக்காக மாதம் 1,334 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 12,006 பவுண்டு 28 நாட்கள் வங்கியில் இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது (இப்போது அந்தத் தொகை இன்னும் கூடிவிட்டது). அந்த எண்ணை ஒரு சடங்காக நினைத்துக் கடந்துவிட்டேன். இலண்டனில் ஒரு மாணவருக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அந்நாட்டு அரசே போட்டுக்கொடுத்த கணக்கு அது என்பது பிறகுதான் உறைத்தது. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். என் வயதுக்கு அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 9.50 பவுண்டு. அதாவது வாரம் 190, மாதம் ஏறக்குறைய 820. கிழக்கு இலண்டனின் ஈஸ்ட்ஹாமில் என் அறைக்கு வாடகை 550. மீதியில் சாப்பாடு, கைப்பேசி, பேருந்து எல்லாம் அடங்க வேண்டும்.

பாதாள இரயிலில் போனால் விரைவாகப் போகலாம். ஆனால் பேருந்துக்கு அப்போது 1.65 பவுண்டுதான், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்தில் ஏறினால் மறுபடி கட்டணமும் இல்லை. ஆகவே தினமும் காலையில் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஆல்ட்கேட் வரை 115ஆம் எண் பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்து, அன்றைக்குப் படித்திருக்க வேண்டிய கட்டுரையைப் படிப்பேன். வகுப்புகள் வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நேரமெல்லாம் நாமாகப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த ஆண்டு நவம்பர் 24, 25, 30 ஆகிய நாட்களில் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒரு வகுப்புக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் என்று வகுத்துப் பார்த்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. மதியம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் எலுமிச்சை சாதம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஐந்து மணிக்கு ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு மளிகைக் கடையில் நிற்பேன். கடையை அடைத்து வீடு திரும்பப் பத்தரை ஆகும்.

கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். சேர்ந்த முதல் வாரமே, "தம்பி, இருபது மணித்தியாலத்துக்கு மேல ஒரு நிமிசமும் எழுத மாட்டன், உம்மட விசாவோட விளையாட ஏலாது" என்றார். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என்னுடன் படித்த சிலர் உணவு விநியோகச் செயலியில் வேறொருவர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து விநியோகம் செய்து என்னைவிட நன்றாகச் சம்பாதித்தார்கள். அந்த வேலை சுயதொழில் கணக்கில் வரும்; மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. பிடிபட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. அவர்களைத் தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. என்ன கடன் தவணை அவர்களை விரட்டியதோ தெரியாது.

என் ஆறாத கோபம் இரண்டு பேர் மீது. ஒருவர் ஊரில் எனக்குச் சேர்க்கை வாங்கிக்கொடுத்த முகவர். கோடை விடுமுறை மூன்று மாதமும் முழுநேரம் வேலை பார்த்துக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடலாம் என்று அப்பாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டியவர் அவர். ஓராண்டு முதுகலையில் அந்தக் கோடைதான் ஆய்வேட்டுக் காலம் என்பதையும், அதுவும் பாடக் காலமாகவே கணக்கிடப்படுவதால் 20 மணி நேரக் கட்டுப்பாடு அப்படியே தொடரும் என்பதையும் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டபோதுதான் அறிந்தேன்.

மற்றவர் வீட்டுக்காரர். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதாலேயே அங்கே போனேன். "நம்ம ஆளுக்குள்ள எழுத்து எதுக்கு தம்பி" என்று 550 பவுண்டு முன்பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். கீழ்த்தளத்தில் அவர் குடும்பம், மேலே நாங்கள் மூவர். வெப்பமூட்டி மாலை ஏழு முதல் ஒன்பது வரைதான் ஓடும். டிசம்பர் 11ஆம் தேதி இரவு பனி கொட்டியபோது நான் வேலை முடித்து வந்தேன். அறை சில்லிட்டுக் கிடந்தது. மேலங்கியைக் கழற்றாமலே படுத்துக்கொண்டு, குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். காலி செய்யும்போது, குளியலறைச் சுவரில் பூஞ்சை படர்ந்ததற்கு நாங்கள்தான் காரணம் என்று முன்பணத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் முன்பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு, வெற்றி பெற்றவனைப் போல மாணவர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி கேட்டது ஒரே கேள்வி: வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா? ஆம் என்றேன். அப்படியானால் சட்டப்படி நான் வாடகைதாரர் அல்ல, ஒண்டிக்குடி. அந்தக் காப்பு எனக்குப் பொருந்தாது என்றார். சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம் இருக்கிறது என்றும் சொன்னார். ஆய்வேடு கொடுக்க மூன்று வாரமே இருந்ததால் நான் போகவில்லை. எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை. ஒருவரை வைத்து ஒரு மாவட்டத்தையே குறைசொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அது என் மாவட்டமும்தான்.

நீங்கள் அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பு, வீட்டுக்காரர் எங்கே தூங்குகிறார் என்று கேளுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். என் வீட்டுக்காரர் இன்றும் ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார். நானும் பதில் வாழ்த்து அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே 550 என்று மட்டும் எழுதுகிறேன்.