அப்டேட் வந்த அன்றே அமுக்கிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

கேள்வி: மூன்று நாள் முன்பு என் போனில் "புதிய பதிப்பு தயார்" என்று அறிவிப்பு வந்தது. வந்த அன்றே போட்டுவிட்டேன். அதிலிருந்து சார்ஜ் மதியம் வரைகூட நிற்பதில்லை. பாக்கெட்டில் வைத்தால் சுடுகிறது. காரில் ப்ளூடூத் சேர்கிறது, அறுந்துபோகிறது, மறுபடி சேர்கிறது. அலுவலகத்தில் வருகைப் பதிவுக்காகக் கொடுத்த ஆப் திறந்ததுமே மூடிக்கொள்கிறது. பழைய பதிப்புக்கே திரும்பிப் போக வழி உண்டா?

பதில்: திரும்பிப் போவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது ஒரே கோளாறு அல்ல. மூன்றுக்கும் காரணம் வேறு, சரிசெய்ய வேண்டியவரும் வேறு.

சூட்டையும் சார்ஜையும் முதலில் பார்ப்போம். பெரிய பதிப்பு மாறியதும் போன் பின்னணியில் நிறைய வேலை பார்க்கும். இருக்கிற ஆப்களை எல்லாம் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மறுபடி தயார் செய்யும். புகைப்படங்களைத் திரும்ப அலசி, முகம், இடம் என்று தேடுவதற்கான பட்டியலைப் போடும். ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கு இதற்கே சில நாள் பிடிக்கும். இரண்டு மூன்று இரவு சார்ஜரில் மாட்டி, வைஃபையோடு விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வாரம் கழித்தும் அடங்கவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து, எந்த ஆப் அதிகமாகத் தின்கிறது என்று பாருங்கள். ஏதாவது ஒன்று தனியாகத் தெரிந்தால் அதை அப்டேட் செய்யுங்கள், அல்லது நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

ப்ளூடூத்துக்கு எளிய வைத்தியம் ஒன்று உண்டு. போனில் காரின் பெயரையும், காரில் போனின் பெயரையும் நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் அடுத்த சின்ன அப்டேட்டுக்குக் காத்திருப்பதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

வருகைப் பதிவு ஆப் விஷயத்தில் போன் நிறுவனத்தை நொந்து பயனில்லை. அந்த ஆப்பை எழுதியவர்கள்தான் அதைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். வங்கி, அலுவலகம், மருத்துவமனை ஆப்கள் இதில் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவுக்கு இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வருகை விடுபட்டது என்று பிறகு கேள்வி வந்தால் அந்தக் கடிதம் உதவும்.

சரி, இனி திரும்பிப் போவது. ஐபோனில் ஒவ்வொரு பதிப்பையும் போடும்போது ஆப்பிளின் சர்வர் அதை அனுமதிக்க வேண்டும். புதிய பதிப்பு வெளியான சில வாரங்களுக்குள் பழையதற்கான அனுமதியை நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கம். அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் நேர்வழியில் முடியாது. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாதுகாப்புக் காரணம் சொல்லி வழியை அடைப்பதும் உண்டு. கூகுளின் பிக்சல் 6 வரிசை போன்களில் 2022இல் ஆண்ட்ராய்டு 13 போட்டவர்கள் அப்படித்தான் 12க்குத் திரும்ப முடியாமல் போனார்கள்.

வழி திறந்திருந்தாலும் போனில் இருப்பது எல்லாம் அழியும். இன்னொரு சிக்கலையும் பலர் யோசிப்பதில்லை: ஐபோனில் புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. கடையில் கொடுத்துப் பழைய மென்பொருளை வெளியிலிருந்து ஏற்றுவது, அதாவது "ஃபிளாஷ்" செய்வது இதைவிட மோசம். வாரண்டி போகலாம், வங்கி ஆப் வேலை செய்ய மறுக்கலாம், போனே எழாமலும் போகலாம். நீங்கள் சொன்ன குறைகளுக்காக நான் திரும்பிப் போக மாட்டேன். அடுத்த திருத்தம் வரும்வரை பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய நிறுவனங்கள் சோதித்துப் பார்க்காமலா வெளியிடுகின்றன?

பதில்: சோதிக்கிறார்கள். ஆனால் உங்கள் போனில் இருக்கிற அதே ஆப்கள், அதே சிம், அதே காரோடு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

2014 செப்டம்பர் 24 அன்று ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 8.0.1 பதிப்பு வந்தது. அது சில குறைகளைச் சரிசெய்ய வந்த சின்னத் திருத்தம். அதைப் போட்ட ஐபோன் 6, 6 பிளஸ் போன்களில் சிக்னலே போய்விட்டது, கைரேகையும் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் அது வெளியில் இருந்தது. அதற்குள் ஆப்பிள் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டவை 40,000க்கும் குறைவு என்று நிறுவனமே சொன்னது. மறுநாள் 8.0.2 வந்தது. முதல் நாள் போனைத் தொடாமல் இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

ஆண்ட்ராய்டு பக்கமும் கதைகள் உண்டு. 2021 டிசம்பர் அப்டேட்டால் பிக்சல் 6இல் அழைப்புகள் அறுந்தன. கூகுள் அதை நிறுத்திவைத்து, திருத்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளியது. 2023 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு 14இல் நடந்தது இன்னும் கொடுமை. ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் வைத்திருந்த சிலரால் தங்கள் படங்களையும் கோப்புகளையும் திறக்கவே முடியவில்லை. சிலருடைய போன் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. பிறகு திருத்தம் வந்தது. ஆனால் அதற்குள் போனை முழுக்க அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டவர்களின் படங்களை அந்தத் திருத்தம் மீட்டுத் தரவில்லை.

நிறுவனங்களுக்கே இது தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2022இல் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதில் வெளியானது. செட்டிங்ஸுக்குப் போய்த் தானே தேடி எடுப்பவர்களுக்கு முதலில் கொடுப்போம், அவர்கள் அனுபவத்தைப் பார்த்துவிட்டு ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கு அனுப்புவோம் என்பது அதன் சாரம். அதாவது, முதல் நாளே தேடிப்போய் அமுக்குகிறவர்தான் மற்றவர்களுக்குச் சோதனை எலி. சம்பளம் மட்டும் கிடையாது.

கேள்வி: என் மச்சான் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார். அதுதான் சரியா?

பதில்: இல்லை. உங்கள் மச்சான் செய்வது முதல் நாளே அமுக்குவதைவிட ஆபத்து.

அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் வருகின்றன. ஒன்று, பதிப்பே மாறுவது: 14 போய் 15 வரும், தோற்றம் மாறும், புது வசதி வரும். மற்றொன்று பாதுகாப்புத் திருத்தம்: வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாது, உள்ளே ஓட்டை அடைபடும். 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்து, ஒரு எம்எம்எஸ் மூலமே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழையலாம் என்று தெரிந்த பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கத் தொடங்கியது.

ஐபோனில் 2021 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் தேதி ஐஓஎஸ் 14.8 வந்தது. யாரும் எதையும் தொடாமலே, ஐமெசேஜ் வழியாக உளவு மென்பொருள் ஏறுகிற ஓட்டையை அது அடைத்தது. ஒரு வாரத்தில் ஐஓஎஸ் 15 வந்தது. அந்த மாதம் விவரம் தெரிந்தவர் என்ன செய்திருப்பார்? 14.8ஐ அன்றே போட்டிருப்பார், 15ஐத் தள்ளிப்போட்டிருப்பார். 15க்குப் போகாமல் 14இலேயே இருந்து பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சில காலம் வாங்கிக்கொள்ளவும் ஆப்பிள் அப்போது இடம் கொடுத்தது.

ஆகவே மச்சானிடம் இப்படிச் சொல்லுங்கள்: பாதுகாப்புத் திருத்தத்தை ஓரிரு நாளில் போட்டுவிட வேண்டும், பெரிய பதிப்புக்கு மூன்று நான்கு வாரம் பொறுக்கலாம். 8.0.1 மாதிரி சின்னத் திருத்தமும் சொதப்பலாம் என்பதால்தான் ஓரிரு நாள் என்கிறேன். ஆனால் அந்த ஓட்டையை வைத்து ஏற்கனவே தாக்குதல் நடக்கிறது என்று நிறுவனமே அறிவித்திருந்தால் அந்த ஓரிரு நாளும் வேண்டாம். மச்சான் போன் ஆண்ட்ராய்டு என்றால், செட்டிங்ஸில் பதிப்பு விவரத்துக்குள் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அதை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று நான்கு வாரம் என்பது என்ன கணக்கு?

பதில்: பெரிய பதிப்பு வந்த பிறகு அதன் முதல் திருத்தம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் வந்துவிடும் என்பதுதான் கணக்கு. சில சமயம் அவ்வளவு நாளும் ஆகாது. ஐஓஎஸ் 13 வந்தது 2019 செப்டம்பர் 19இல். 13.1 வந்தது 24இல், ஐந்தே நாளில்! நாள்காட்டியைவிடப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைப் பார்ப்பது நல்லது; 13.1 மாதிரி எண் வந்துவிட்டால் திருத்தம் வந்துவிட்டது என்று பொருள். ஆப் இறக்கும் ஸ்டோரில் உங்கள் வங்கி ஆப்புக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருக்கும் புதிய கருத்துகளையும் ஒருமுறை புரட்டுங்கள். புதிய பதிப்பில் திறக்கவில்லை என்றால் அங்கேதான் முதலில் புலம்புவார்கள்.

போடும் நாளில் பேக்கப் எடுங்கள். வாட்ஸ்அப்புக்குத் தனி பேக்கப் என்பதை மறக்காதீர்கள். காலியிடம் போதுமா என்று பாருங்கள். மறுநாள் பயணமோ தேர்வோ நேர்காணலோ இருந்தால் அன்று வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நண்பன் பீட்டா என்கிற சோதனைப் பதிப்பைப் போட்டுக் காட்டினான். அருமையாக இருக்கிறது. நானும் போடலாமா?

பதில்: கையில் இரண்டு போன் இருந்தால், இரண்டாவதில் போடுங்கள். ஒன்றுதான் என்றால் வேண்டாம். பீட்டாவிலிருந்து நடுவில் வெளியேற வேண்டும் என்றால் பெரும்பாலும் போனை முழுக்க அழித்தாக வேண்டும்.

கேள்வி: அப்டேட் முடிந்த மறுநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. வாரண்டி முடிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளேயையே மாற்ற வேண்டும், செலவு உங்களுடையது என்கிறார்கள். கெடுத்தது அவர்கள் அப்டேட்தானே?

பதில்: கோபம் நியாயம். ஆனால் "அப்டேட்தான் காரணம்" என்று நிரூபிப்பது கடினம். கோடு விழுவது திரையும் அதன் இணைப்பும் கெடுவதால். ஏற்கனவே பலவீனமாக இருந்தது அப்டேட்டின் போது ஏறும் சூட்டில் வெளிப்பட்டிருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் அந்த வாதத்தில் மட்டும் நிற்காதீர்கள்.

அப்டேட் ஆன தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், இன்னொரு போனில் எடுத்த கோட்டின் படம், வாங்கிய ரசீது, போனில் விழுந்த அடியோ ஈரமோ இல்லை என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை எல்லாவற்றையும் சேருங்கள். பிறகு சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டாமல் நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். உங்கள் மாடலுக்கு இலவசத் திரை மாற்றுத் திட்டம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். இந்தப் பச்சைக் கோட்டுக்காகவே சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் திரையை மாற்றிக் கொடுத்திருக்கின்றன. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. பதில் திருப்தியாக இல்லை என்றால் அந்தக் கடிதப் போக்குவரத்தோடு நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பை அணுகுங்கள்.

அப்டேட்டால் போன் கெட்டதற்கு நிறுவனங்கள் பதில் சொல்ல நேர்ந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு, போனின் செயல்திறனைக் குறைத்த அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. புதிய நோட் 7 போனுக்காகச் செய்த பதிப்பைப் பழைய நோட் 4 வைத்திருந்தவர்களிடம் போடச் சொல்லித் தூண்டினார்கள் என்பது சாம்சங் மீதான குற்றச்சாட்டு.

கேள்வி: புதிய போன் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததுமே அப்டேட் கேட்கிறது. உங்கள் கணக்குப்படி ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், உடனே போடுங்கள். பெட்டிக்குள் இருப்பது பல மாதம் முந்தைய மென்பொருளாக இருக்கலாம், உங்கள் தகவல் எதுவும் இன்னும் அதில் ஏறவில்லை, கெட்டால் மாற்றிக் கேட்கவும் நாள் இருக்கிறது. ஐபோன் 15 வந்தபோது பழைய ஐபோனிலிருந்து தகவலை மாற்றும் முன் 17.0.2ஐப் போட வேண்டியிருந்தது. போடாமல் மாற்றிய சிலருக்கு ஆப்பிள் சின்னத்தோடு திரை அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி: என் போனுக்கு ஐந்து வயது. பேட்டரி சுமார்தான். இதுதான் கடைசிப் பெரிய பதிப்பு என்கிறார்கள். போடலாமா?

பதில்: பழைய போனுக்கு மட்டும் நான் நான்கு வாரம் என்று நிறுத்த மாட்டேன், இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்வேன். அதே மாடல் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதுவரை இப்போதிருக்கும் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வருவது நின்றுவிட்டால் பிறகு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பேட்டரிதான் உங்கள் பலவீனம் என்பதால் அதை முதலில் கவனியுங்கள். தேய்ந்த பேட்டரியால் ஐபோன் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, அப்டேட் மூலம் அதன் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அப்போது எழுந்த எதிர்ப்பில் வாரண்டி முடிந்தவற்றுக்கும் பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ-வுக்கு வந்த அப்டேட் சில போன்களில் பேட்டரி கொள்ளளவையே குறைத்தது. கூகுள் இலவசப் பேட்டரியோ பணமோ கொடுக்க முன்வந்தது. ஆனால் அந்த அப்டேட் தானாகவே ஏறியது, பழையதற்குத் திரும்பவும் வழியில்லை.

உங்கள் மாடலுக்கு அசல் பேட்டரி இன்னும் கிடைக்கிறது என்றால், அப்டேட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கிடைக்கவில்லை, அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரிலும் கையை விரிக்கிறார்கள் என்றால், பெரிய பதிப்பைப் போடாமல் பாதுகாப்புத் திருத்தம் நிற்கும்வரை ஓட்டுங்கள். நின்ற பிறகும் அந்தப் போனை வைத்திருக்கலாம், வங்கி ஆப்பை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.