சிங்கப்பூரில் வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

அமெரிக்காவில் இருக்கும் மாமா காலி உறையில் புதுப் பற்றவைப்பு மூடியும் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா செய்கிறாரே, இங்கேயும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது தம்பி, தயவுசெய்து முயற்சி பண்ணாதீர்கள். ஆயுதக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி.

தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருந்தவர்களுக்குத் தெரியும், சுடுதளத்தில் சுட்டு முடித்ததும் காலி உறையைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்ப முடியும்.

சுடுவதில் உண்மையாகவே ஆசை இருந்தால் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். அதில் வெடிமருந்தே கிடையாது, அழுத்தக் காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளும். 2018 காமன்வெல்த் போட்டியில் நம்ம மார்ட்டினா வெலோசோ தங்கம் வாங்கிய பிரிவுகளில் அதுவும் ஒன்று.