சேலத்தில் இருந்துகொண்டு கடற்கரைத் தூண்டிலுக்கு முதலில் என்ன வாங்கலாம்?

மேட்டூரில் ஏழடி ராடில் (தூண்டில் கோலில்) கட்லா, ரோகு பிடித்துப் பழக்கம், இனி கடலூர்ப் பக்கம் கரையில் நின்று போட ஆசை, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சேலத்துக்காரன்தான். இந்த ஆசை எப்படிப்பட்டது என்று நன்றாகவே தெரியும்.

கடைக்குப் போனதும் ராடைக் கையில் எடுக்காதீர்கள். நரம்பு முனையில் எத்தனை கிராம் ஈயக் குண்டு போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏரியிலும் அணையிலும் ஈயத்துக்கு இரையை இறக்கும் வேலை மட்டும்தான். கடலில் அலை விடாமல் இழுக்கும்போது இரையை மண்ணோடு பிடித்து நிறுத்துவதும் அதுதான். 100 கிராமில் ஆரம்பியுங்கள். அதுவும் உருண்டு கரைக்கு வந்தால் எடையைக் கூட்ட வேண்டாம், நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஈயத்துக்கு மாறுங்கள். கம்பிகள் மண்ணில் கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும்.

ஈயம் முடிவானால் ராடு தானாக முடிவாகிவிடும். கைப்பிடிக்கு மேலே வீசக்கூடிய எடையை அச்சிட்டிருப்பார்கள். 80 முதல் 150 கிராம் என்று இருந்தால் எடுங்கள். நீளம் 11 அல்லது 12 அடி போதும். கரையோரம் உடையும் அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கத்தான் அந்த நீளம், ஏழடியில் அது நடக்காது. நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு துண்டு ராடு என்றால் ஒவ்வொன்றும் ஆறடி, ஆத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் எங்கே வைப்பது? மூன்று துண்டாகக் கழற்றுவதை வாங்குங்கள். உள்ளுக்குள் மடங்கும் டெலஸ்கோப் ராடு தூக்கிப்போக வசதிதான், ஆனால் இணைப்புகளில் மணல் ஏறிச் சிக்கிக்கொள்ளும்.

பணத்தை நரம்பு சுற்றும் ரீலில் போடுங்கள். 6000 அளவு, மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் வழுவழுப்பாக விட வேண்டும். உப்பும் மணலும் முதலில் தின்பது ரீலைத்தான். சேலம் வந்து கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால் வழி நெடுக உப்பு உள்ளேயே காயும். இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள். டிராக்கை இறுக்கிவிட்டு மேலே மெதுவாக ஊற்றித் துடையுங்கள், முக்கி எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

நரம்பு 0.35 மில்லிமீட்டர் சாதா நைலானே போதும். பின்னல் நரம்பான பிரெய்டு பிறகு பார்க்கலாம், அது வீசும் விரலை அறுக்கும். ஆனால் எதைச் சுற்றினாலும் முனையில் 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் தடித்த நரம்பை, அதாவது லீடரை, கட்டாமல் வீசவே வீசாதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு என்பது கணக்கு. 100 கிராம் மூன்றரை அவுன்ஸ். லீடர் ராடைப் போல இரண்டு மடங்கு நீளம், அதோடு ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளையில்) நான்கைந்து சுற்றும் இருக்க வேண்டும். முழு வேகத்தில் நரம்பு அறுந்தால் ஈயம் தோட்டாவாகப் பறக்கும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் குழந்தைகள் குளிப்பார்கள். ஆளில்லாத பக்கமாக, விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள், காய்ந்த முடிச்சை இழுத்தால் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

தூண்டில் முள்ளில் எண் கூடினால் அளவு சின்னது. 1/0, 2/0 என்று வந்தால் தலைகீழ். கிழங்கானுக்கு 6ஆம் எண் முள்ளில் இறால் துண்டு, பாறை மீனுக்கும் கெளுத்திக்கும் 1/0. கெளுத்தியை வெறுங்கையால் தொடாதீர்கள், முதுகிலும் இரு பக்கமும் இருக்கும் முள் விஷம். நீளமூக்குக் குறடு கட்டாயம் வேண்டும்.

ராடு ஸ்டாண்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். ஒரு மீட்டர் பிவிசி குழாய் வாங்கி ஒரு முனையைச் சாய்வாக அறுத்து மணலில் குத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், முதல் பயணத்தைப் பொங்கலுக்குப் பிறகு வையுங்கள். அதுவரை அறுவடை முடிந்த காட்டில், முள் கட்டாமல், ஈயத்தை மட்டும் வீசிப் பழகுங்கள்.